கண்ணைப் படம் எடுத்தார்கள், முடிவை யார் சொல்வது?

ஒவ்வொரு டிசம்பர் 6 அன்றும் அண்ணலின் படத்துக்கு மாலை போட்டு, வீரவணக்கம் சொல்லிக் கலைகிறோம். அவர் உடல் எப்படி நொடிந்தது என்பதை நம் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. 1948 முதலே அவர் கடுமையான சர்க்கரை நோயாளி. கால்களில் நரம்பு வலி, தூக்கமின்மை, இன்சுலின். 1954-இல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது. அந்த உடம்போடுதான் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை எழுதி முடித்தார். பக்கத்தில் மருத்துவரான சவிதா அம்மையார் இருந்தார்.

காரைக்கால் காலனிகளில் சர்க்கரையோடு கண் மங்கித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்களுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறோம்.

எங்கள் தெருவுக்கு ஒரு நாள் கண் முகாம் வந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, இப்படி வருகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. சமுதாயக் கூடத்தில் மேசை போட்டார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்லி விழித்திரையைப் படம் எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு தாள். முழுக்க ஆங்கிலம். அடியில் கைநாட்டு. பெரியம்மா ஒருவர், "தம்பி, இதுல என்னா எழுதிருக்கு?" என்று எங்களில் ஒருவரிடம் கேட்டார். நாங்கள் படித்துச் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். "ஆராய்ச்சிக்குத்தாம்மா, ஒண்ணும் பயமில்ல" என்றார் படிவம் வைத்திருந்த பெண். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அவருக்கும் கணக்குக் கொடுத்திருப்பார்கள்.

சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அன்று நடவுக்குப் போக முடியாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் நம் பெண்கள் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்தார்கள். முடிவு வரும் என்றார்கள். வரவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது. விழித்திரையில் ரத்தக் கசிவு. புதுச்சேரிக்குக் கூட்டிப் போனோம். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் அங்கே பார்த்த மருத்துவர். ஒரு வருடத்துக்கு முன்னால் அவர் கண்ணை ஒருவர் பார்த்துத்தான் இருக்கிறார். அந்தப் படம் ஏதோ ஒரு கணினியில் இருக்கிறது.

சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பின் கொடுமை என்னவென்றால், முற்றும்வரை அது வலிக்காது, பார்வையும் பெரிதாகக் குறையாது. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அரிக்கிறது. அவை கசிகின்றன. பிறகு பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து, ஒரு நாள் உடைகின்றன. அதற்கு முன்பே கண்டுபிடித்தால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. ஆகவே வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் அந்தப் படம்தான் பார்வைக்கும் குருட்டுக்கும் நடுவே நிற்பது. படம் எடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எடுத்ததை எடுக்கப்பட்டவருக்குச் சொல்லாமல் போவதைத்தான் எதிர்க்கிறோம்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஐ.சி.எம்.ஆர். துணையோடு நடந்த 'இண்டியாப்' ஆய்வின் தேசிய முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. 31 மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் 1,13,043 பேரைப் பரிசோதித்த ஆய்வு. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. முதலிடம் கோவாவுக்கு, 26.4 விழுக்காடு. அடுத்தது நம் புதுச்சேரி, 26.3. தமிழ்நாடு 14.4. அதாவது வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் கால் வைத்தால் அரசுக் கணக்கில் நோய் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது! சாராயக் கடையையும் அரிசியையும் வைத்து இதற்கு ஆளாளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதுச்சேரி என்பது ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு துண்டு நிலம். அதில் காரைக்காலுக்கு எவ்வளவு என்று அந்த அறிக்கை தனியாகச் சொல்லவில்லை. நகரம், கிராமம், ஆண், பெண் என்று பிரித்தார்கள். ஊர்த்தெரு, காலனித்தெரு என்று பிரிக்கவில்லை.

சர்க்கரை பணக்கார வியாதி என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதே ஆய்வின் முந்தைய கட்டம் 2017-இல் 15 மாநிலங்களைப் பற்றி வெளிவந்தபோதே, வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதியானவர்களைவிட ஏழைகளிடம் நோய் அதிகம் என்று காட்டிவிட்டது. சண்டிகர் நகரில் வசதி குறைந்தவர்களிடம் 26.9 விழுக்காடு, வசதி மிக்கவர்களிடம் 12.9. வசதியானவர் அரிசியைக் குறைத்துக் காய்கறியும் பழமும் வாங்குகிறார், நடைப்பயிற்சி போகிறார். நம் வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசி. காலில் உணர்ச்சி போனவர் செருப்பில்லாமல் சேற்றில் இறங்கிக் களை எடுத்தால் புண் எப்போது வந்தது என்றே தெரியாது. விரலை எடுத்த பிறகுதான் தெரியும்.

இதன் வேர் கருவறை வரை போகிறது. புனே அருகே கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்தக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோதான். எடை குறைவு, தசை குறைவு, ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குக் கொழுப்பு அதிகம். தாய் வயிற்றில் பட்டினி பழகிய உடம்பு பின்னாளில் சர்க்கரைக்கு எளிதில் இரையாகிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. இதைப் படிக்கும்போது எங்களுக்குப் பண்ணையாள் காலம்தான் நினைவுக்கு வருகிறது. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதற்காக 1968-இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய கீழ்வெண்மணி இங்கிருந்து தொலைவில் இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்களின் வயிற்றில் வளர்ந்தவர்கள்தான் இன்று ஐம்பது, அறுபது வயதில் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் 'தாயின் ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று எழுதும். அந்தத் தாய்க்குச் சோறு ஏன் இல்லை என்பது மருத்துவ இதழில் அடங்காத கேள்வியாகிவிடுகிறது. பிறகு யாராவது வந்து 'உங்கள் ஜீன் அப்படி' என்பார். நம் உடம்பில் ஏறியிருப்பது பட்டினியின் வரலாறு, அதற்கு மரபணு என்று பெயர் சூட்டினால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள்.

கர்ப்ப காலச் சர்க்கரையைப் பொறுத்தவரை தமிழ் மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்வைத்த எளிய முறையையே இன்று ஒன்றிய அரசும் ஏற்றிருக்கிறது. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பச் சர்க்கரை. முதல் முறை பார்க்கும்போதே ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. பேருந்து பிடித்து வரும் கூலிப் பெண்ணை மனதில் வைத்துச் செய்த ஆராய்ச்சி இது, பாராட்டுகிறோம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் உட்கார நிழலான பெஞ்ச் வேண்டும், குமட்டினால் பார்க்க ஆள் வேண்டும், அன்றைய நூறு நாள் வேலை போகாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று பதிவாகும். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாக முற்றலாம். முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணையும் பார்க்க வேண்டும். நம் தெருவில் எத்தனை பெண்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

அறிந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதன் விலை என்ன என்பதை உச்ச நீதிமன்றமே ஒரு முறை கணக்குப் போட்டது. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை முழுதாக வளர்ந்திருக்காது. ஆக்சிஜன் கொடுக்கும்போது கூடுதல் ஆபத்து. சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்தால் காப்பாற்றலாம். சோதிக்கவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வை இழந்தது. தந்தை வழக்காடினார். 2009-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் என்றது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. அந்தத் தந்தையால் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் போராட முடிந்தது. நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஒப்புதல் விஷயத்துக்கு வருவோம். 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. பலர் விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த ஆய்வைக் கடுமையாகக் கண்டித்தது. (தடுப்பூசியை நாங்கள் சந்தேகிக்கவில்லை, நம் பெண்களுக்கு அது வேண்டும்.) இத்தகைய முறைகேடுகள் எழுப்பிய எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் பிறகுதான் 2019 மார்ச்சில் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் வந்தன. நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் மருத்துவம் சாராத சாதாரண மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது விதி. கண் முகாமில் படம் எடுப்பது மருந்துப் பரிசோதனை ஆகாது. ஆனாலும் ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் அதற்கும் பொருந்தும். புரிகிற மொழியில் தகவல் தாள், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி, கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்று நம் கையில். எங்கள் சமுதாயக் கூடத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. அந்தச் 'சாதாரண மனிதர்' நாற்காலியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் உட்கார வேண்டுமா, நடவுப் பெண் உட்காரக் கூடாதா என்பதையும் கேட்டு வைக்கிறோம்.

படிவத்தில் சாதி கேட்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. "ஆஸ்பத்திரியிலயும் சாதி சொல்லணுமா?" என்று ஒரு தோழர் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. சாதி தெரிந்ததும் தொடாமல் மாத்திரையைப் போடும் கைகளை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பட்டியல் சாதியினரைத் தனியாகக் காட்டுவதால்தான் நம் பெண்களின் ரத்தசோகையைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேச முடிகிறது. அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் 1932 முதல் 1972 வரை நோயை வேடிக்கை பார்த்த டஸ்கீகீ கொடுமைக்குப் பிறகும், அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் சிறுபான்மையினரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று 1993-இல் சட்டம் செய்தார்கள். சாதியை ஆய்வாளர் பதியட்டும், மருந்து கொடுப்பவர் மேசைக்கு அது போக வேண்டாம்.

2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்பித்தபோது 1,28,175 படங்களைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. நல்ல கருவி அது, கண் மருத்துவர் இல்லாத ஊரில் உதவும். ஆனால் கணினி 'பாதிப்பு இருக்கிறது' என்று நொடியில் சொன்ன பிறகு பெரியம்மா சுமார் 130 கிலோமீட்டர் போக வேண்டும். சொந்தத் தலைநகருக்குப் போகவே தரங்கம்பாடி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். போகும் வழியில் உள்ள ஊர்களில் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நம் எல்லைக் கல்லில் அது நின்றுவிடுகிறது. அந்தத் தூரத்தைக் குறைப்பது பற்றி எந்த ஆய்வும் பேசுவதில்லை.

அந்த முகாமில் படம் எடுக்கப்பட்டவர்களின் பெயர்களை எங்கள் தெருவில் வீடு வீடாக எழுதி எடுத்துவிட்டோம். எல்லோருடைய முடிவையும் தமிழில் எழுதித் தரச் சொல்லி, முகாம் நடத்தியவர்களுக்கும் அவர்களின் நெறிமுறைக் குழுவுக்கும் கடிதம் தயாராகிறது. நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் இதேபோல் கைநாட்டு வைத்தவர்கள் இருந்தால் தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள், சேர்த்தே அனுப்புவோம். பெரியம்மாவுக்கு அடுத்த ஊசி வரும் செவ்வாய்க்கிழமை. காலை நாலரை மணி வண்டிக்கு எங்களில் இருவர் கூடப் போகிறோம்.