புறம்போக்கில் பிறந்த விளையாட்டு

கோல்ஃப்னு சொன்னதும் நம்ம வீடுகளில் மனசுக்கு வர்ற படம் ஒண்ணுதான். நீளமான வேலி, வாசலில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' பலகை, உள்ளே ஜமக்காளம் விரிச்ச மாதிரி புல், அதில் தொப்பி போட்ட நாலு பெரிய மனுஷங்க. நாம் குடியேறியிருக்கிற பல ஊர்களில் இப்படி ஒரு மைதானம் இருக்கும். தினமும் அதை ஒட்டித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போவோம். ஒரு நாள்கூட உள்ளே கால் வைத்திருக்க மாட்டோம். அது நம்ம இடம் இல்லைன்னு யாரும் சொல்லித் தரவில்லை. வேலியே சொல்லிவிடுகிறது.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீயில். இங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அது காசி மாதிரி. அங்கே இருக்கிற 'ஓல்ட் கோர்ஸ்'தான் உலகத்திலேயே புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம். அதைச் சுற்றி மதில் கிடையாது. எந்தப் பணக்காரருக்கும் எந்த கிளப்புக்கும் அது சொந்தமும் இல்லை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், அது ஊர்ப் புறம்போக்கு.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கிற மணல் மேட்டைத்தான் ஸ்காட்லாந்தில் 'லிங்க்ஸ்' என்கிறார்கள். உழுதால் ஒன்றும் விளையாது. அதனால் ஊர்ப் பொதுவாக விட்டுவிட்டார்கள். ஆடு மேய்ந்தது, துணி உலர்த்தினார்கள், பையன்கள் கம்பால் பந்தை அடித்து விளையாடினார்கள். 1457-லேயே இரண்டாம் ஜேம்ஸ் அரசர் காலத்துப் பாராளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்திருக்கிறது. ஆண்கள் வில்வித்தை பழகாமல் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்று கோபம். வேலைவெட்டி இல்லாத விளையாட்டு என்றுதான் அன்றைக்கு அதற்குப் பேர்.

போன வருஷம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மேடும் பள்ளமுமாகக் கிடந்த அந்த மணல் பூமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நம்ம தேரிக்காடுல்லா! சிவப்பு மண்ணு இல்ல, பனையும் இல்ல, அவ்வளவுதான்" என்றார்கள். புத்தகம் படித்துப் படித்து நான் தெரிந்துகொண்டதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள்.

இந்த மைதானத்தை யாரும் உட்கார்ந்து வரைபடம் போட்டுக் கட்டவில்லை என்பதுதான் இதன் விசேஷம். மேடு பள்ளத்தைக் காற்று அமைத்தது. புல்லை முயலும் ஆடும் கடித்துக் கடித்துக் கட்டையாக வைத்திருந்தன. 'பங்கர்' என்று சொல்கிற மணல் குழிகளில் பல, குளிர் காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துத் தேய்ந்தவை என்று சொல்வார்கள். இன்றைக்குப் பாலைவனத்திலும் பனிமலை அடிவாரத்திலும் புல்டோசர் வைத்து வெட்டுகிற பங்கர்களுக்கெல்லாம் மூலம் இதுதான்.

கோல்ஃபுக்கு ஏன் 18 குழி? அதுவும் இங்கிருந்து வந்த கணக்குதான். நிலம் ஒடுக்கமான பட்டை என்பதால், கடலோரமாக ஆடிக்கொண்டே போய், அதே வழியில், அதே குழிகளில் ஆடிக்கொண்டே திரும்புவார்கள். அப்படி ஒரு சுற்றுக்கு 22 குழி ஆனது. 1764-ல், ஆரம்பத்தில் இருந்த நாலு சின்னக் குழிகளை இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு குறைந்து 18 ஆகிவிட்டது. பிறகு கூட்டம் கூடியதும், போகிறவர்களும் வருகிறவர்களும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, குழியைச் சுற்றியிருக்கிற வழுவழுப்பான புல்வெளியை, அதாவது 'கிரீனை', அகலமாக்கி ஒவ்வொன்றிலும் இரண்டு குழி வைத்தார்கள். இன்றும் அங்கே அப்படி ஏழு இரட்டை கிரீன்கள் உண்டு. ஒரே கிரீனில் இருக்கிற இரண்டு குழிகளின் எண்ணையும் கூட்டிப் பாருங்கள். 2-ம் 16-ம், 3-ம் 15-ம், 4-ம் 14-ம்... எல்லாமே 18 வரும். கூட்டல் படிக்கிற குழந்தை வீட்டில் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, புறம்போக்கு என்றால் ஆக்கிரமிப்பும் இருக்குமே? இருந்தது. 1552-ல் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் எழுதிக் கொடுத்த சாசனத்திலேயே, முயல் வளர்க்க அவருக்கு உரிமை, கோல்ஃப் உள்பட விளையாட ஊர் ஜனங்களுக்கு உரிமை என்று இருந்தது. ஆனால் 1797-ல் கடனில் மூழ்கிய நகரசபை அந்த நிலத்தை விற்றுவிட்டது. அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. முயல் பெருகி நிலமெல்லாம் வளையாகிவிட்டது. ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை. முயல்களைப் பிடித்துக் கொன்றார்கள், கைகலப்பானது, கோர்ட்டுக்குப் போனார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நடந்த சண்டை அது. 1821-ல் பக்கத்து நிலச்சுவான்தார் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி கோல்ஃபுக்கே விட்டதும்தான் ஓய்ந்தது. 1894-ல் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு நகரமே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1974-லிருந்து ஒரு அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

அந்தச் சண்டையின் பலனை இன்றும் கண்ணால் பார்க்கலாம். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுச் சாலை போகிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் பந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கடந்து போவார்கள். ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டி ஏதும் இல்லாவிட்டால், ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டும் நடக்கிறார்கள். அப்பா மட்டும் புல்லில் கால் வைக்கத் தயங்கி நின்றார்கள். "யாரும் ஏசுவாவளோ?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். ஏச மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த நிலச் சட்டப்படி, ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாமல், கிரீனை மிதிக்காமல், எந்த கோல்ஃப் மைதானத்தையும் நடந்து கடக்க யாருக்கும் உரிமை உண்டு.

இதைக் கேட்டுவிட்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் ஏதோ சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். நிலம் ஊருடையது என்றாலும் ஆட்டம் ரொம்ப நாள் சிலருடையதாகத்தான் இருந்தது. முதல் குழிக்குப் பின்னால் கல் கட்டடத்தில் கம்பீரமாக நிற்கிற கிளப் 1754-ல் தொடங்கியது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2014-ல்தான் அவர்களுக்கு மனசு வந்தது. வெளியூர்க்காரர்கள் ஓல்ட் கோர்ஸில் ஒரு சுற்று ஆட, சீசனில் முந்நூறு பவுண்டைத் தாண்டும். அதற்கும் குலுக்கலில் பேர் விழ வேண்டும்.

இந்த மைதானத்தை உலகமெங்கும் நகல் எடுத்தார்கள். மேட்டை எடுத்தார்கள், பங்கரை எடுத்தார்கள், 18-ஐ எடுத்தார்கள். ஊர்ப் பொது என்பதை மட்டும் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். 1924-ல் ஓல்ட் கோர்ஸை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட்டவர் அலிஸ்டர் மெக்கன்சி. டாக்டருக்குப் படித்தவர். பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா மைதானத்தை வடிவமைத்ததும் அவர்தான். வருஷா வருஷம் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற அந்த கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-ல். முதல் பெண்கள் சேர்ந்தது 2012-ல்.

இன்னொரு நகல் தென்னாப்பிரிக்காவில், டர்பனில். 1860-லிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன அதே டர்பன். அங்கே பாப்வா சேவ்கோலம் என்று ஒரு இந்திய வம்சாவளிக்காரர் இருந்தார். பிறர் மட்டைப் பையைச் சுமக்கிற கேடியாக இருந்து, தானே ஆட்டம் கற்றவர். எல்லோரும் வலது கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடித்தால், இவர் இடது கையைக் கீழே வைப்பார். அந்தப் பிடியோடே 1959-ல் டச்சு ஓபனை வென்றார். 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நட்டால் ஓபனையும் வென்றார். வெள்ளையர் அல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. அவர் தோற்கடித்தவர்கள் உள்ளே இருக்க, வெளியே கொட்டுகிற மழையில் நின்றுதான் கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் பூராவும் போனது. இரண்டு வருஷம் கழித்து அதே போட்டியில் கேரி பிளேயரையும் ஜெயித்தார். அப்புறம் அரசாங்கம் அவரைப் போட்டிகளிலேயே ஆட விடவில்லை. இன்று டர்பனில் ஒரு பொது மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

பிள்ளைகள் பள்ளியில் கோல்ஃப் சேரணும்னு கேட்டால், "அதெல்லாம் பெரிய இடத்து ஆட்டம், நமக்கெதுக்கு" என்று சொல்லிவிடுவது நம்ம வழக்கம். செலவு கட்டுப்படியாகாது என்றால் அது வேறு பேச்சு. ஆனால் 'நமக்கான இடம் இல்லை' என்கிற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அது இந்த ஆட்டத்தோடு பிறந்தது இல்லை, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் உங்கள் ஊரில் நகரசபை நடத்துகிற மைதானம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல நாடுகளில் உண்டு, நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் வந்தால் இரண்டு இடம் சொல்கிறேன். எடின்பரோவில் ப்ரன்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ் என்கிற பூங்காவில் சின்னக் குழிகள் வைத்த மைதானத்தில் காசே இல்லாமல் ஆடலாம். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் கோர்ஸை ஒட்டியே 'ஹிமாலயாஸ்' என்று ஒரு மேடு பள்ளப் புல்வெளி. பெண்கள் மட்டையை ஓங்கி வீசினால் அழகில்லை என்று நினைத்த காலத்தில், 1867-ல், அவர்களுக்காக ஒதுக்கியது. பந்தை உருட்டி மட்டும் ஆடுவது. இன்று சில பவுண்டு கொடுத்தால் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோருக்கும் மட்டையும் பந்தும் தருவார்கள். நாங்கள் போன அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜெயித்தது என் ஒன்பது வயது மகள்.