கையில் 5,000 ரூபாய்: கணிப்பொறியில் எதை முதலில் மாற்றுவது?

வீட்டுக் கணிப்பொறி மெதுவாகிவிட்டது, புதியது வாங்க வசதியில்லை, ஏதேனும் ஓர் உறுப்பை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவது என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு இப்பகுதியில் இரண்டு வரியில் பதில் எழுதியதுண்டு. இரண்டு வரியில் அடங்கும் செய்தியன்று அது. ஆகவே இம்முறை, என் ராத்தா வீட்டில் நடந்ததைச் சொல்லி, அதன் வழியாக விரிவாகவே எழுதுகிறேன்.

2024 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் காயல்பட்டினத்திற்குச் சென்றிருந்தேன். ராத்தாவின் மகள் வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குத் தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, பக்கம் வடிவமைத்துக் கொடுத்து வருகிறாள். மச்சான் காலமான பிறகு அக்குடும்பத்திற்கு அந்த வருமானம் சிறு உதவியன்று. 2014 இல் மச்சான் வாங்கிக் கொடுத்த கணிப்பொறியே அவளுடைய தொழிற்கருவி. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்தாலும் அது எழுந்திருப்பதில்லை.

“மாமா, கடையில கேட்டேன். மதர்போர்டு, பிராசசர் ரெண்டையும் மாத்தணுமாம். இல்லேன்னா ஒரு கிராபிக்ஸ் கார்டாவது போடணுமாம். எங்கிட்ட ஐயாயிரம்தான் இருக்கு” என்றாள்.

“தம்பி, புள்ள ராத்திரி முழிச்சுச் சேர்த்த காசு. வீணாப் போயிடக் கூடாது, பார்த்துச் சொல்லு” என்றார் ராத்தா.

எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது. ஏனெனில் இதே விஷயத்தில் நானே ஒருமுறை ஏமாந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் என் கணிப்பொறியில் 4 ஜிகாபைட் நினைவகம் இருக்க, வேகம் கூடுமென்று மேலும் 4 ஜிகாபைட் வாங்கிப் பொருத்தினேன். ஓர் இம்மியும் மாற்றமில்லை. அதிலிருந்தது 32 பிட் விண்டோஸ். வீட்டுக் கணிப்பொறிகளுக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைக் கையாளாது. இதை மூன்று மாதம் கழித்தே அறிந்தேன். குறை உறுப்பில் இல்லை. எங்கே தடை என்று பாராமல் பணத்தை எடுத்ததில் இருந்தது.

தடை எங்கே என்று காண ஒரு காசும் செலவில்லை. விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்பது தெரியும். மருமகளின் கணிப்பொறியில், திரை தோன்றிய பின்னும் ஆறு நிமிடங்கள் வட்டு 100 விழுக்காட்டிலேயே நின்றது. செயலியோ 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நினைவகம் 60 விழுக்காடு நிரம்பியிருந்தது. அதாவது கடைக்காரர் மாற்றச் சொன்ன செயலி, வேலையின்றிக் கை கட்டி உட்கார்ந்திருந்தது!

இதை ஒரு சமையலறையாக எண்ணிப் பாருங்கள். செயலி என்பது சமைப்பவர். நினைவகம் அவர் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேடை. ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு தொலைவிலுள்ள கடைத்தெரு. சமைப்பவர் எத்துணைக் கைதேர்ந்தவராயினும், உப்புக்கும் புளிக்கும் தனித்தனியே கடைத்தெருவுக்கு ஆள் போய் வரவேண்டுமானால் உலை எப்போது கொதிப்பது?

வன்தட்டின் உள்ளே ஒரு தகடு சுழல்கிறது. மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 சுற்று. நொடிக்கு 120 சுற்று. வேண்டிய செய்தி படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றேனும் காத்திருக்க வேண்டும். அது ஏறத்தாழ 4 மில்லி நொடி. முனையைத் தாங்கும் கை இடம் பெயர மேலும் 8 அல்லது 9 மில்லி நொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடுகையில் நொடிக்கு 80 முறை அளவில்தான் அதனால் எடுத்துத் தர இயலும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் மின்னணு வட்டில் சுழலும் தகடுமில்லை, அசையும் கையுமில்லை. ஒரு செய்தியை எடுக்க அதற்கு ஒரு மில்லி நொடியில் பத்திலொரு பங்கு அளவே போதும். தேநீர் நேரத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கணிப்பொறித் துறையில் 1967 இல் ஜீன் ஆம்டால் என்னும் பொறியாளர் முன்வைத்த கருத்தொன்று உண்டு. ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும், மொத்த வேலையில் அப்பகுதிக்குள்ள பங்கின் அளவே பலன் கிட்டும் என்பது அதன் சாரம். அவர் பேசியது பெருங்கணிப்பொறிகளைப் பற்றி. கணக்கு நமக்கும் பொருந்துகிறது. 100 நொடி ஆகும் வேலையில் 80 நொடி வட்டுக்காகக் காத்திருப்பும் 20 நொடி செயலியின் உழைப்பும் என்று கொள்வோம். செயலியை இருமடங்கு வேகமுள்ளதாக மாற்றினால் மிச்சமாவது 10 நொடி. வட்டைப் பத்து மடங்கு வேகமுள்ளதாக மாற்றினால் மிச்சமாவது 72 நொடி. செலவோ முன்னதற்கே அதிகம். செயலியை மாற்றப் புகுந்தால், அது உட்காரும் குழி வேறாயிருக்கும், ஆகவே மதர்போர்டு. மதர்போர்டு புதிதானால் பழைய டி.டி.ஆர்.3 நினைவகம் அதில் பொருந்தாது. ஆகவே அதுவும் புதிது. ஒரு நூலை இழுத்து முழுத் துணியையும் பிரித்த கதையாகும். தட்டச்சுக்கும் பக்க வடிவமைப்புக்கும் கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வட்டுதான் தடை என்று தெரிந்ததும் உடனே கடைக்கு ஓடவில்லை. வட்டின் உடல்நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை தோன்றியது. தட்டில் சில இடங்கள் பழுதாகி, வட்டு தானாகவே அவற்றை ஒதுக்கி வைக்கத் தொடங்கியிருந்தது. மெதுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெதுவாகிப் போவது பொறுக்கக்கூடியது. அழிந்து போவது அப்படியன்று.

“இதில் என்னென்ன இருக்கிறது மகளே?” என்று கேட்டேன். முடிந்த நூல்கள், முடியாத இரண்டு நூல்கள், கல்யாணப் படங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். வாப்பா துபாயிலிருந்த காலத்தில் அனுப்பிய குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. ராத்தா அதுவரை பேசாமலிருந்தவர், “அது போயிடுமா தம்பி?” என்றார்.

இத்தகைய நேரத்தில் பலரும் செய்யும் பிழை, முழு வட்டையும் அப்படியே படியெடுக்க முனைவது. பழுதான இடத்தில் முட்டி நிற்கும்போது வட்டு மேலும் நலிகிறது. எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் வெளிவட்டு ஒன்றை இரவல் வாங்கி, முதலில் மச்சானின் குரல் பதிவுகள், அடுத்து முடியாத நூல்கள், பிறகு படங்கள் என்ற வரிசையில் எடுத்தோம். இஷாவுக்குப் பின்னும் வேலை நீண்டது. படங்களில் 11 மட்டும் படிக்க முடியாமல் போயின. குரல்கள் முழுவதும் கிடைத்தன.

மறுநாள் 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினோம். அன்றைய விலையில் 5,000 ரூபாயில் பாதிக்கும் குறைவாகவே ஆயிற்று. இரண்டரை அங்குல சாட்டா வகையைக் கேட்டு வாங்கினேன். அது மேசைக் கணிப்பொறியிலும் பொருந்தும், பெரும்பாலான பழைய மடிக்கணிப்பொறிகளிலும் பொருந்தும். நாளை இந்த இயந்திரமே போனாலும் வட்டைக் கழற்றி அடுத்ததில் மாட்டலாம். பட்ஜெட் இறுக்கமாக உள்ளவர்கள் உறுப்பு வாங்குகையில், அது அடுத்த இயந்திரத்திற்கும் வருமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. மற்றொன்று: நினைவகத் துண்டைப் பழைய பொருளாக வாங்கலாம், எஸ்.எஸ்.டி.யைப் பழையதாக வாங்காதீர்கள். எழுத எழுதத் தேயும் பொருள் அது.

பெட்டியைத் திறந்த கையோடு இலவச வைத்தியமும் நடந்தது. பத்தாண்டுத் தூசியைத் துடைத்தேன். கடற்காற்றில் கறுத்திருந்த நினைவகத் துண்டின் விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து மாட்டினேன். கடற்கரை ஊர்களில் கணிப்பொறி திடீரென்று எழ மறுத்தால், செலவு செய்யுமுன் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு இதைச் செய்து பாருங்கள்.

விண்டோஸைப் புதிதாக நிறுவிய பின் இயந்திரம் அரை நிமிடத்திற்குள் எழுந்தது. ஆயினும் பக்க வடிவமைப்பு மென்பொருளையும் இணைய உலாவியையும் ஒருசேரத் திறந்தபோது நினைவகம் 90 விழுக்காட்டைத் தொட்டது. மேடை சிறிதாயிருந்தால் சாமான்களைக் கடைத்தெருவுக்கே திருப்பியனுப்பி மீண்டும் வரவழைக்க வேண்டியிருக்கும். ஆகவே அடுத்தது நினைவகம்தான் என்று முடிவு செய்தோம். தொடக்கத்திலேயே நினைவகம் நிரம்பி வழிவதாகத் தெரிந்தால், அதை முதலில் வைப்பதிலும் பிழையில்லை. வட்டு 100 விழுக்காடு காட்டுவது சில வேளை நினைவகப் பஞ்சத்தின் விளைவே.

இன்று இதே நிலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு, இன்டெல் செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. மருமகளுடையது நான்காம் தலைமுறை. எனவே இத்தகைய இயந்திரத்திற்கு எஸ்.எஸ்.டி., பழைய நினைவகத் துண்டு ஒன்று என்பதோடு கையை இழுத்துக்கொள்வதே அறிவு. கடிதமும் இணையமும் மட்டுமே தேவைப்படுவோர் லினக்ஸ் மின்ட் நிறுவிக்கொண்டால் 4 ஜிகாபைட்டிலேயே காலம் தள்ளலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு அது உதவாது. 2025 இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியதால், பழைய விலையை நினைத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டாம்.

மிஞ்சிய பணத்தில் மருமகள் முதலில் வாங்கியது நினைவகமன்று. குரல் பதிவுகளுக்கு இரண்டாம் படி வைக்க ஒரு பென் டிரைவ். அதை ராத்தா தம் அலமாரியில் நகைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நினைவகத் துண்டு அடுத்த நூலின் கூலியில் வந்து சேர்ந்தது.