நாலு நாள் விட்டால் என்ன?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் பெரியோர்களுக்கு ஸ்ரீ ராமாநுஜரின் அவதார ஸ்தலம். இன்றைய வாலிபர்களுக்கோ மோட்டார்க் கார் செய்யும் ஊர். இங்கிருந்து ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் வேலை பார்ப்பவர், என் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார், சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். அவருக்குத் தொண்டையில் புற்று நோய். ஏழு வாரம் "கரண்டு" வைக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி, நாலு வாரம் முடிந்திருந்தது. வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை, சம்பளத்திலும் பிடித்தம்.

"கட்டிதான் பாதி கரைந்துவிட்டதே, ஸார்! நாலு நாள் விட்டுவிட்டுப் போனால் என்ன?" என்று கேட்டார்.

இக்கேள்வி பல வீடுகளில் எழுவது. ஆகையால் அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

ஜனங்கள் "கரண்டு" என்பது மின்சாரம் அன்று, கதிர். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரியில், 1957-லேயே இதற்கான கோபால்ட் யந்திரம் வந்துவிட்டது. கதிரானது உயிரணுவில் உள்ள நீரைப் பிளக்கிறது. அதிலிருந்து பிறக்கும் உக்கிரமான துணுக்குகள் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழையை அறுக்கின்றன. இரண்டு இழையும் அறுந்த அணு, பிரிய முயலும்போது மடிகிறது. தொண்டைப் புற்றுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், 35 தடவையில் 70 கிரே கொடுப்பது வழக்கம். இடையிடையே நல்ல அணுக்கள் தம்மைச் சீர் செய்துகொள்ளவே இந்தத் தவணை.

ஆனால் புற்றணுவும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வோர் அணுவின் மேற்புறத்திலும் சேதி வாங்கும் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இ.ஜி.எப்.ஆர். "வளர்" என்னும் சேதியைத் தாங்கி வரும் பொருளைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. வாய், தொண்டைப் புற்றுகளில் பெரும்பாலும் இந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. விந்தை யாதெனில், சேதி எதுவும் வராமலே, கதிர் பட்டதும் அது விழித்துக்கொள்கிறது! உடனே ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்ப, அணுவுக்குள் மூன்று கட்டளைகள் பரவுகின்றன: அறுந்த இழையை ஒட்டு, சாகாதே, சீக்கிரம் பெருகு.

இந்த மூன்றாவது கட்டளைதான் நம் நண்பரின் கேள்விக்கு விடை. ஏறக்குறைய நாலாவது வாரத்துக்குப் பின், தப்பிய அணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அப்பெருக்கத்தை ஈடு செய்யவே நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே செலவாகிறது என்று 1988-ல் விதர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டார்கள். நாலு நாள் தாமதித்தால் 2.4 கிரே. அதாவது, பட்ட கஷ்டத்தில் ஒரு முழு நாளுக்கு மேல் வீண். கட்டி கண்ணுக்குக் கரைந்திருக்கலாம். எஞ்சிய அணுக்கள் கண்ணுக்குத் தெரியா.

சேதி வாங்கும் வாயிலையே அடைத்துவிட்டால்? அதற்கும் மருந்து உண்டு. 2006-ல் வெளியான ஒரு சோதனையில், 424 நோயாளிகளிடையே, கதிருடன் செடுக்ஸிமாப் சேர்த்தபோது நோய் அடங்கியிருந்த காலம் சுமார் 15 மாதத்திலிருந்து 24 மாதமாயிற்று. பம்பாய் டாடா ஆஸ்பத்திரியார் 536 பேரிடம் நிமோடுஸுமாப் என்னும் மருந்தை, கதிரோடும் வழக்கமான ஸிஸ்பிளாட்டினோடும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு நோய் முற்றாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 50-லிருந்து 62 ஆனார்கள் என்று 2019-ல் வெளியிட்டார்கள். ஆயினும் ஆயுள் நீடித்ததென்று ஐயமற நிலைநாட்ட முடியவில்லை. ஒரு வாயிலை அடைத்தால் அணு வேறு வாயிலைத் தேடுகிறது.

ஆகவே, விலையில்லா மருந்து ஒன்றே: நாள் தவறாமை. புண்ணுக்கு மருந்தும், திரவ ஆகாரத்துக்கு வழியும் டாக்டரிடம் உண்டு. வாய்விட்டுக் கேட்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் புகை பிடிப்பது பெருந் தீங்கு. புகை இரத்தத்தின் பிராணவாயுவைக் குறைக்கிறது, பிராணவாயு குறைந்த இடத்தில் கதிரின் வலிமையும் குறைகிறது.

நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாளைக்கே போகிறேன், ஸார்" என்றார். சென்ற வெள்ளிக்கிழமை முப்பத்தைந்தாவது தடவையும் முடிந்தது. பலன் இனிமேல்தான் தெரியும். ஆனால் எதிரிக்கு ஒரு நாளும் அவர் இனாமாகக் கொடுக்கவில்லை.