புகையடுப்பின் இடுக்கை எதை வைத்து அடைப்பது?

கேள்வி: இரும்பு டிரம்மில் கரி போட்டு மீனைப் புகையில் வாட்டுகிறோம். இடுக்குகளில் புகை கசிகிறது. எதை வைத்து அடைக்கலாம்?
– வாசகி, இடையஞ்சாவடி

பதில்: குழாய் ஒட்டும் பசை, தார் வேண்டாம் சகோதரி, சூட்டில் கருகி அந்த நஞ்சு மீனில் படியும். கல்நார் கயிறும் ஆகாது. அதன் தூசு புற்றுநோய் தரும். சலித்த களிமண்ணில் சாம்பலும் உமியும் பிசைந்து, ஆறிய அடுப்பில் பூசி, நிழலில் காயவிடுங்கள். வெடித்த இடத்தில் மறுபடி பூசுங்கள். திறந்து மூடும் கதவுக்கு ஒவ்வொரு முறையும் புது மண் வையுங்கள். மரக்காணம் உப்பள மண்ணை எடுக்காதீர்கள்; உப்பு இரும்பை அரிக்கும்.

கீழே உள்ள காற்றுத் துளையையும் மேலே உள்ள புகைபோக்கியையும் அடைக்கவே கூடாது. காற்றில்லாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மழை பெய்தாலும் அடுப்பை வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். தலைவலி, மயக்கம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழையுங்கள்.