தொட்டுப் பாருங்க... என்ஜின் சூடா?

குமாஸ்தா ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார். பாரிமுனையில் வேலை. வீடு ஆவடிக்கு அப்பால். ரெயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி ஏறி அலுத்துப் போனவர். மனைவியின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. சட்டைப் பையில் 35 ஆயிரம் ரூபாய்.

புரோக்கர் வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். 100 சி.சி. வண்டி. பாலிஷ் போட்டு, புது சீட் கவர் மாட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. ஒரே உதை. ஸ்டார்ட் ஆகிவிட்டது!

"பாத்தீங்களா சார்? சிங்கிள் ஓனர். டாக்டர் ஓட்டின வண்டி" என்கிறார் புரோக்கர்.

சென்னையில் விலைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதியை டாக்டர்களும், மீதியை பேங்க் மானேஜர்களும்தான் ஓட்டியிருக்கிறார்கள் போலும்!

அந்த ஒரே உதையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆள் வருவதற்கு முன்பே வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. சூடான என்ஜின் சமர்த்தாகத்தான் நடந்துகொள்ளும். நோய் பிடித்த என்ஜின் காலைக் குளிரில்தான் இருமும்.

ஆகவே, விலை பேசுவதற்கு முன்னால் என்ஜின் பக்கம் கையைக் கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால், "அப்புறம் வர்றேன்" என்று கிளம்பி விடலாம். ஆறின வண்டியைத் தன் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீலப் புகை

கார்புரேட்டர் வண்டி என்றால், சோக் போட்டு இரண்டு மூன்று உதை வாங்குவது குற்றமாகாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் சோக் கிடையாது. பெட்ரோலை அளந்து விடுவது எலெக்ட்ரானிக் கருவி. அந்த வண்டிகளில் சாவியைத் திருப்பினால் மீட்டரில் என்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம். கோளாறை மறைக்க விளக்கின் கண்ணையே பிடுங்கி இருக்கலாம்!

அடுத்து, வேறொருவரை ஆக்சிலேட்டரைத் திருகச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் லேசான வெள்ளை ஆவி வந்து மறைந்தால் கவலை இல்லை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை விடாமல் வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சீல் போயிருக்கும். ரீபோர் வேலை என்று வந்துவிட்டால் மிச்சம் பிடித்த பணம் மெக்கானிக் கைக்குப் போய்விடும்.

(டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் சேர்ந்தே எரிவதால் புகை இருக்கத்தான் செய்யும். 1996-ல் தயாரிப்பு நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-ஐத் தேடி இன்றும் இளவட்டங்கள் அலைகிறார்கள். அது ஆசை. ஆபீசுக்குப் போகிறவர் கதை வேறு.)

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேபிள் மீட்டரில் கேபிளைக் கழற்றிவிட்டால் கணக்கு நின்றுவிடும். மீட்டரையே மாற்றுகிறவர்களும் உண்டு. 18 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில், பிரேக் மிதி தேய்ந்து வழவழப்பாகி, கால் வைக்கும் ரப்பர் மொட்டையாக இருந்தால் எதை நம்புவது? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது என்று பொருள். "டயர் புதுசு சார்" என்ற பேச்சு அங்கே அடிபட்டுப் போகும்.

தண்ணீரில் கிடந்த வண்டி

சென்னைக்காரர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் வடியவே நாளாயிற்று. அன்று வாசலில் நின்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்கா போயின? கழுவித் துடைத்து ஓட்டப்படுகின்றன. அவற்றில் சில கை மாறியும் வரும். எந்த வண்டி மூழ்கியது என்று நெற்றியில் எழுதி ஒட்டி இருக்காது.

ஆனால் சேறு காட்டிக் கொடுக்கும். சீட்டைக் கழற்றி அதன் அடியிலும், டாங்கிக்குக் கீழே ஒயர்கள் போகும் இடத்திலும், ஏர் பில்டர் பெட்டியிலும் விரலை விட்டுத் தடவினால் மெல்லிய வண்டல் ஒட்டும். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர்க் கறை தெரியும். ஆயில் மூடியைத் திறந்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா? உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி இன்று ஓடும். நாளை நடு ரோட்டில், அதுவும் மழை நாளில், ஒயரிங் கைவிடும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்பினால், நடுவில் சிக்குகிறதா என்பது தெரிந்துவிடும். சிக்கினால் கோன் செட் வேலை. அது சின்னச் செலவு. ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால்தான் விபத்தில் சிக்கிய வண்டியோ என்று யோசிக்க வேண்டும். பழகின மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் கூலி கொடுப்பது நல்லது. புரோக்கர் காட்டும் மெக்கானிக் புரோக்கருக்குத்தான் மெக்கானிக்!

பெயர் மாறாத ஆர்.சி.

வண்டியில் ஏமாந்தால் பணம்தான் போகும். காகிதத்தில் ஏமாந்தால் கோர்ட்டு வாசலையும் மிதிக்க நேரிடும்.

சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் இருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்து விடுவதே புத்தி. பைனான்ஸ் பாக்கி இருந்த வண்டி என்றால், கடன் தீர்ந்த சான்றும் 35-ம் எண் படிவமும் கைக்கு வர வேண்டும். விலை மலிவு என்று புதுச்சேரி நம்பர் வண்டியைப் பிடித்தால், அங்கிருந்து தடையில்லாச் சான்றும் இங்கே வரியும் பின்னால் நிற்கும்.

"பாரத்துல கையெழுத்து வாங்கித் தர்றேன், நீங்க எப்ப வேணா மாத்திக்கலாம்" என்று சொல்லுவார்கள். இதில்தான் பலரும் விழுகிறார்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளுக்குள் வாங்கியவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்யாவிட்டால்? பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில் 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு இருக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று கோர்ட்டு கூறிவிட்டது. வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் வீட்டுக்கு, யாரோ செய்த விபத்துக்கு நோட்டீஸ் வரும். வாங்கியவரைப் போலவே விற்றவரும் பயப்பட வேண்டிய விஷயம் இது.

பழைய வண்டி வியாபாரிகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி கொண்டு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதன்படி வியாபாரிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசின் அங்கீகாரச் சான்று வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நடைபாதை ஓரத்தில் நாலு வண்டியை நிறுத்தி வியாபாரம் செய்கிறவரிடம், "சான்று இருக்கா?" என்று கேட்கும் குமாஸ்தா எத்தனை பேர்? அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

அங்கீகாரம் பெற்ற வியாபாரிகளின் பட்டியலை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீசின் வாசலிலும், எல்லோர் கண்ணிலும் படும்படி தமிழில் எழுதி மாட்ட வேண்டும். போக்குவரத்துத் துறைக்கு இதில் ஒரு பலகைச் செலவுதான்.