வழுவும் வழக்கும்

எழுத்துப் பிழையைக் கண்டு நகைப்பது தமிழ் கற்றாரிடம் நெடுநாளாக இருந்துவரும் ஒரு வழக்கம். முன்னாளில் அந்நகைப்பு வகுப்பறைச் சுவர்களுக்குள்ளும், பத்திரிகை அலுவலகத்துக்கு வந்துசேரும் கையெழுத்துப் பிரதிகளின் மேலும் அடங்கிக் கிடந்தது. கைத்தொலைபேசி வந்தபின் நிலைமை மாறிவிட்டது. கடிதம் எழுத அடுத்த வீட்டுப் பிள்ளையின் உதவியை எதிர்பார்த்திருந்தவர்கள் இன்று தம் விரலாலேயே தம் எண்ணத்தை எழுதி அனுப்புகிறார்கள். எழுதுவோர் பெருகவே பிழையும் பெருகிற்று. பிழை பெருகவே ஏளனமும் பெருகிற்று. பிறர் எழுதிய பிழையைப் படம்பிடித்துப் பத்துப் பேருக்குக் காட்டிச் சிரிப்பது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. இந்தச் சிரிப்பு யாரைத் திருத்துகிறது, யாரை வாயடைக்கிறது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் சற்று நின்று சிந்திக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கல்முனைக் கரையோரத்தையே எடுத்துக்கொள்வோம். மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருக்கும் ஒரு தாய், கட்டாரில் தொழில் பார்க்கும் மகனுக்கு, "இங்க நல்ல மளை மகன்" என்று எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம். சிறப்பு ழகரம் இருக்கவேண்டிய இடத்தில் ளகரம் நிற்பதைக் கண்டு படித்த பிள்ளை சிரிக்கிறது. ஆனால் அத்தாய் எழுதியது தன் செவியில் விழுந்ததைத்தான். ஈழத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. தனித்து நிற்கும் ரகர றகரங்களுக்கிடையிலும் பேச்சில் வேற்றுமை இல்லை. செவியில் இல்லாத வேறுபாட்டைக் கை காக்கவேண்டுமானால், அதற்கு நினைவு ஒன்றே துணை. அந்நினைவோ ஆண்டுக் கணக்கில் பாடசாலையில் இருந்து, நூல்களைக் கையிலெடுத்து வாசித்தவர்க்கே வாய்ப்பது. ஆகவே அப்பிழையைக் கண்டு சிரிப்பவர், தமக்குக் கிடைத்த வாய்ப்புப் பிறர்க்குக் கிடைக்காததைக் கண்டு சிரிக்கிறார். இது கற்றவர்க்கு அழகாகுமா?

பிழை எனப்படுவன யாவும் பிழையே என்று கொள்வதும் தவறு. "மறுகா வாறன்" என்று ஒருவர் எழுதினால் அது கொச்சை என்பார் உளர். குழம்பினை "ஆணம்" என்றால், இது முஸ்லிம்களின் வீட்டுப் பேச்சு என்று ஒதுக்குவாரும் உளர். ஆணம் என்னும் சொல் தமிழ் அகராதியில் அப்பொருளிலேயே இடம்பெற்றிருப்பதை அவர்கள் தேடிப் பார்ப்பதில்லை. இக்கரையோர முஸ்லிம்கள் தம் சமயத்தின் தலையாய கடமைகளைத் தொழுகை என்றும் நோன்பு என்றும், வழிபாட்டிடத்தைப் பள்ளி என்றும், திருநாளைப் பெருநாள் என்றும் தமிழிலேயே வழங்கிவருவதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனைப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்நிலத்தின் தமிழ் வளத்தை வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" என்னும் நூலில் விரித்துரைத்தார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், தமிழ்ப் பேச்சு வழக்குகளுள் எழுத்து வழக்குக்கு மிக அணித்தாக நிற்பது மட்டக்களப்புப் பேச்சே என்று 1966இல் எழுதினார். ஊரார் கொச்சை என்றதைப் பிறநாட்டு அறிஞர் பழமையின் எச்சம் என்று போற்றினார்.

ஒருவர் மொழியை அளக்கும் கோல் விரைவில் அவரையே அளக்கும் கோலாகிவிடுகிறது. இதனை ஈழத்து இலக்கிய உலகம் நன்கறியும். 1960களின் தொடக்கத்தில் இங்கு நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை மறந்திருக்க முடியாது. சிறுகதையிலும் நாவலிலும் உழைக்கும் மக்களின் பேச்சைப் பேச்சாகவே எழுதியவர்களை நோக்கி, இது "இழிசனர் வழக்கு" என்று மரபுவாதிகள் சினந்தனர். அத்தொடரை உற்றுநோக்குங்கள். வழக்கைப் பழிக்கப் புகுந்த சொல் சனத்தையே பழிக்கும் சொல்லாக முடிந்திருக்கிறது. முற்போக்கு எழுத்தாளர்கள் அதனை எதிர்த்து நின்றார்கள். இன்று பேச்சு வழக்கு இல்லாத ஈழத்துப் புனைகதையைக் காண்பதரிது. ஆயினும் அன்று இலக்கியத்தில் தோற்ற அதே மனப்பான்மை, இன்று கைத்தொலைபேசியில் எழுதும் எளியவரிடம் வேறு உருவில் வந்து நிற்கிறது.

இலக்கணம் அறிந்தோர் இவ்வாறு கடுமை காட்ட வேண்டியதில்லை. நம் இலக்கண மரபு வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று நிலை கண்டது. விதியினின்று விலகினும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவது உண்டு என்று தெளிந்த மரபு அது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் சொற்களுக்குத் திசைச்சொல் எனப் பெயரிட்டு மனையில் இடங்கொடுத்த மரபு அது. எழுத்தும் என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. எகர ஏகாரங்களை இன்று நாம் வேறுபடுத்தி எழுதும் முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தது. ணை, லை, றா, னா முதலியவற்றின் இன்றைய வடிவம் 1978இல் தமிழ்நாட்டரசு பிறப்பித்த ஆணைக்குப் பின் பரவியது. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது ஈழத்தவர் "ரிக்கற்" என்றனர். தமிழகத்தார் "டிக்கெட்" என்றனர். டகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்பது இலக்கண விதி. அவ்விதியைப் போற்றியவரைப் பார்த்துப் பிழையாக எழுதுகிறார் என்று அக்கரையார் சிரிப்பதும் உண்டு!

இக்கரையோரத்து மண் இலக்கணத்துக்குப் புறம்பானதுமன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியராக 1931இலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியராக 1943இலும் அமர்ந்த விபுலாநந்த அடிகளார் பிறந்தது கல்முனைக்கு அணித்தான காரைதீவில். "அடிப்படைத் தமிழ் இலக்கணம்" என்னும் நூலை 1999இல் தந்த மொழியியலாளர், கவிஞர் எம். ஏ. நுஃமான் பிறந்தது கல்முனைக்குடியில். அவர் பெயரிலுள்ள ஆய்தத்தை முறையாக எழுதக் கற்றுக்கொண்ட பின்னரே பலர் இக்கரையாரின் தமிழைத் திருத்தப் புறப்படலாம்.

ஏளனத்தின் விளைவு யாது? பிழைக்கு அஞ்சியவர் எழுதுவதையே விட்டுவிடுகிறார். ஒன்று, குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறார். அன்றேல் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கிவிடுகிறார். ஆங்கில எழுத்தில் லகர ளகர ழகரங்கள் மூன்றுக்கும் பெரும்பாலும் ஓரெழுத்தே வழங்குகிறது. பழமும் பலமும் பாலமும் அங்கே ஓருருவாய் நிற்கின்றன. அப்படி எழுதுபவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. தமிழ் எழுத்தைத் தொட்டு முயன்றவர் நகைப்புக்கு ஆளாகிறார். அதனைத் தொடாமலே விட்டவர் நாகரிகர் எனப்படுகிறார். தமிழைக் காப்பதாக எண்ணிச் சிரித்தவர், தமிழ் எழுத்தினின்று ஒருவரைத் துரத்திவிட்டதையே கண்ட பலன் எனலாம்.

அவ்வாறாயின் பிழையைப் பொருட்படுத்தவே வேண்டாமா என்று ஆசிரிய அன்பர்கள் கேட்கக்கூடும். வேண்டும், மிகவும் வேண்டும். அறமும் அரமும் வேறு. பணியும் பனியும் வேறு. மருந்துக் குறிப்பிலும் காணி உறுதியிலும் ஓரெழுத்துப் பிசகினால் வாழ்க்கையே பிசகும். பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் அடையாள அட்டையில் வேறொருவாறும் பெயர் எழுதப்பட்டமையால் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர் எவ்வூரிலும் உளர். அரபுப் பெயர்களைத் தமிழில் ஒருமைப்பாடின்றி எழுதுவதால் முஸ்லிம்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பாகிறது. எழுத்துச் செம்மை என்பது வாசிப்பவர்க்கு எழுதுபவர் செய்யும் மரியாதை. நான் கேட்பது கண்டிப்பை விடுங்கள் என்றன்று. அதனைச் செலுத்தவேண்டிய இடத்தில் செலுத்துங்கள் என்பதே.

அவ்விடம் எது? 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் பொது இடங்களிலுள்ள பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாடு யாவரும் அறிந்ததே. பஸ் வண்டியொன்றில் கர்ப்பிணித் தாய்மார்க்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேல், தாய்மார் "நாய்மார்" ஆகிப்போன அவலத்தை நாடே கண்டது. அத்தாய் வீட்டிலிருந்து எழுதிய மளைக்கு அவள் மகன் ஒருவனே வாசகன். பொருளும் அவனுக்குக் குறைவின்றிப் புரிந்தது. சம்பளம் பெறும் உத்தியோகத்தர் எழுதுவித்து, பொதுப் பணத்தில் தீட்டி, ஆயிரம் பேர் பார்க்கத் தொங்கவிட்ட பிழையோ ஒரு சமூகத்தையே அவமதித்தது. முன்னதைக் கண்டு உரக்கச் சிரிக்கும் நாம், பின்னதைக் கண்டு மெல்ல நகைத்துவிட்டு அப்பால் செல்கிறோம். திருத்தும்படி ஒரு கடிதம் எழுதுவோர் எத்தனை பேர்? பத்திரிகைகளும் பாடநூல் எழுதுவோரும் இவ்வரிசையில் அடுத்து நிற்கவேண்டியவர்கள். கற்பிக்கும் இடத்திலிருந்து வரும் வழுவுக்கு வழுவமைதி கிடையாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவனின் கட்டுரையில் உள்ள பிழை யாவற்றையும் ஒரே நாளில் சிவப்பு மையால் நிரப்பாதீர்கள். இவ்வாரம் ழகர ளகரம், அடுத்த வாரம் ரகர றகரம் என ஒவ்வொன்றாக எடுங்கள்; ஏன் அவ்வாறு எழுதினான் என்பதை அவன் பேச்சிலிருந்தே அவனுக்கு விளக்குங்கள். வீட்டில் பேசும் வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. இரண்டும் அவனுடையவையே என்று உணர்த்துங்கள். மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உம்மாவோ வாப்பாவோ பிழைபட எழுதி அனுப்பினால், அச்சொல்லைச் செவ்வையாக எழுதி மறுமொழி அனுப்புங்கள். அதுவே போதிய பாடம்.

வல்லவர் பிழைவிட்டால் கேள்வி கேட்போம். எளியவர் பிழைவிட்டால் கைகொடுப்போம். எழுதுவோர் குறையாமல் பிழை குறையும் வழி இதுவே.