நோயாளி அருகில் நிற்பவருக்கு நிரந்தரம் வேண்டாமா?

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஒரு காலனி. அந்தத் தெருவில் முதன்முதலாகச் செவிலியர் படிப்பை முடித்த பெண் அவர். அப்பா சிப்காட் ஆலையில் ஒப்பந்தக் கூலி. அம்மாவுக்கு நூறு நாள் வேலை. மகளைப் படிக்க வைக்க வீட்டில் இருந்த நகை அடகுக்குப் போனது. இன்று அவர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தச் செவிலியர். அண்மையில் சந்தித்தபோது என்னிடம் கேட்டார்: “தெருவுல எல்லாரும் கவர்மென்ட் நர்ஸுன்னு சொல்றாங்கக்கா. பேங்க்ல லோன் கேட்டா, ‘நிரந்தரமா?’ன்னு கேக்குறாங்க. அப்ப நான் யாருக்கா?”

இது அவர் ஒருவரின் கேள்வி அல்ல. 2015ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. அவர்களுக்கு வழங்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியத்துக்கு வந்துவிடுவோம் என்று நம்பினார்கள். இரண்டு ஆண்டுகள் முடிந்தும் பெரும்பாலானவர்களுக்கு அது நடக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

பிறகு கொரோனா வந்தது. 2020இல் ஒப்பந்த அடிப்படையில் மேலும் செவிலியர்கள் சேர்க்கப்பட்டார்கள். சொந்தக்காரர்களே கிட்ட வரப் பயந்த நோயாளிகளுக்கு ஊசி போட்டதும், சோறு ஊட்டியதும், கடைசி மூச்சு நின்றபோது கண்ணை மூடிவிட்டதும் இவர்கள்தான். நாடே கை தட்டியது. 2022 டிசம்பர் 31ஆம் தேதி, ஒப்பந்தம் முடிந்தது என்று இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை என்றானது. புத்தாண்டை அவர்கள் தெருவில் நின்று தொடங்கினார்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழியாக மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. அந்த வேலையும் ஒப்பந்த வேலைதான்.

‘இது செவிலியர்களின் சம்பளப் பிரச்சினை, நமக்கென்ன?’ என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. இது முதலில் நோயாளியின் பிரச்சினை.

இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும். மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். நான் சொன்ன அந்தப் பெண், சில இரவுகளில் நாற்பது படுக்கைகளைத் தனியாகப் பார்க்கிறார். ஒருவருக்கு டிரிப்ஸ் முடிகிறது, இன்னொருவருக்கு மூச்சு வாங்குகிறது, மூன்றாமவரின் உறவினர் வாசலில் சத்தம் போடுகிறார். இதற்கு நடுவே ரிப்போர்ட் புத்தகத்தையும் எழுதி முடிக்க வேண்டும். எழுதாவிட்டால் காலையில் மெமோ. நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்தால் முதல் அடியும் முதல் வசவும் இவருக்குத்தான். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவர், காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதித் தருவாரா? ஆள் போதவில்லை, மருந்து தீர்ந்துவிட்டது என்று அதிகாரி முன்னால் நிமிர்ந்து சொல்வாரா? நோயாளிக்காகப் பேச வேண்டியவரின் வாயை ஒப்பந்தம் கட்டிப்போட்டிருக்கிறது.

நம் மாவட்டத்தில் இது இன்னும் கூடுதலாக உறைக்கும். இங்கே ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீண்ட இருளர் குடும்பங்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலைகளின் வெப்பத்தில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். இவர்களுக்குக் காய்ச்சலோ தீக்காயமோ பிரசவமோ, எதுவானாலும் முதல் வாசல் அரசு மருத்துவமனை. அங்கே முடியாது என்றால் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டிச் சென்னை. அந்த இரவில் இந்தி பேசுகிறவரின் வலியைச் சைகையில் புரிந்துகொள்வதும், கூச்சத்தில் ஒதுங்கி நிற்கும் இருளர் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் படுக்க வைப்பதும் செவிலியர்தான். 2022 ஜனவரியில் திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரி திறந்தபோது மகிழ்ந்தோம். கட்டடம் உயர்ந்த வேகத்தில் செவிலியர் பணியிடங்களும் உயர வேண்டும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இனி, இந்தப் பத்தியில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று.

அடுத்தவர் உடம்பைத் தொட்டு, சீழையும் ரத்தத்தையும் துடைக்கும் வேலையைத் தீட்டு என்று சாதிச் சமூகம் நீண்ட காலம் ஒதுக்கி வைத்திருந்தது. அந்த வேலை சான்றிதழும் சீருடையும் அரசுச் சம்பளமும் உள்ள தொழிலாக மாறியபோது, சேரிப் பெண்ணுக்கு ஒரு கதவு திறந்தது. ஆசிரியர் வேலையைப் போல, ஒரு தலைமுறையில் ஒரு குடும்பத்தை நிமிர்த்திய வேலை இது. அந்தக் கதவைத் திறந்து வைத்தது இட ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்படப் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு.

ஆனால் நிரந்தரப் பணியிடமே குறைந்தால், 18 விழுக்காடு எதன்மீது? பல அரசு மருத்துவமனைகளில் துப்புரவுப் பணியையும் காவல் பணியையும் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வேலைகளில் பெரும்பாலும் நம் மக்கள் இருந்ததால் ஊர் கேட்கவில்லை. அடுத்து அந்த நிலை செவிலியர் வரை ஏறி வந்திருக்கிறது. இட ஒதுக்கீட்டை ஒழிக்கச் சட்டம் எதுவும் தேவையில்லை. நிரந்தர வேலையை ஒழித்தால் போதும்.

இதில் நீதிமன்றம் சொன்னது தெளிவாக இருக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் ஒரே ஊதியம் தர வேண்டும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பல ஆண்டுகள் செய்தவர்கள் தொடுத்த ஜக்கோ வழக்கு அது. நிரந்தரத் தேவையுள்ள வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டு அரசே சுரண்டக் கூடாது என்று கண்டித்த நீதிமன்றம், அவர்களை நிரந்தரப்படுத்த உத்தரவிட்டது. துடைப்பம் பிடித்த பெண்கள் போராடி வாங்கிய தீர்ப்பு இன்று செவிலியருக்கும் துணை நிற்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

தனியார் மருத்துவமனைகளின் கதை வேறு. நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன மருத்துவமனைகளில் பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி பார்க்கும் பெண்களை நான் அறிவேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டி, ‘நர்ஸ்’ என்று நிறுத்திச் சொற்பச் சம்பளம் தரும் இடங்களும் உண்டு. அது அந்தப் பெண்ணுக்கும் அநீதி, அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கும் ஆபத்து.

உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின் பேரில் அமைந்த குழு, தனியார் செவிலியர் ஊதியத்துக்கு ஓர் அளவு வகுத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனை, அரசு செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும். 100க்கு மேல் இருந்தால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் குறைவு என்றாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. பரிந்துரை மாநிலங்களுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நம் மாவட்டத்தில் எத்தனை மருத்துவமனைகள் அதை மதிக்கின்றன என்று தொழிலாளர் துறை ஒரு முறை கணக்கெடுத்து வெளியிடட்டும்.

2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. சிப்காட் தொழிலாளிக்கு ஆகாது என்று நாம் விரட்டிய அதே பன்னிரண்டு மணி நேரத்தை, அவருடைய மகள் மருத்துவமனையில் தினமும் செய்கிறார். தொழிற்சங்கத் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செவிலியர் பணியிடங்களை உருவாக்கி, காத்திருக்கும் ஒப்பந்தச் செவிலியர்களை இட ஒதுக்கீட்டு முறைப்படி நிரந்தரப்படுத்த வேண்டும். அதுவரை சம வேலைக்குச் சம ஊதியமும், சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பும் வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கான ஊதிய அளவைப் பரிந்துரையாக விட்டுவிடாமல் சட்டமாக்க வேண்டும். ‘நிதி இல்லை’ என்ற பதில் வரும். போதிய செவிலியர் இல்லாத வார்டில் சாகிறவர் யார் என்று பார்த்தால், அந்த நிதி யாரிடம் மிச்சம் பிடிக்கப்படுகிறது என்பது தெரியும்.

நம்மால் ஆவதும் உண்டு. வரும் கிராம சபையில், ‘எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை?’ என்று கேட்டுத் தீர்மானம் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். செவிலியரால் பேச முடியாததை நோயாளியும் உறவினரும் பேசலாம். நம்மை யாரும் மெமோ கொடுத்து மிரட்ட முடியாது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. விடைபெறும்போது, “எட்டு மணிக்கு டியூட்டிக்கா” என்று சொல்லிவிட்டுக் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க ஓடினார். அன்று இரவும் யாரோ ஒருவருடைய உயிருக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய வேலைக்குத்தான் இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை.